விரைவின் விலை: அமெரிக்க 'மசில் கார்'களும் அவற்றைப் பற்றிய ஏக்கமும்

சக்கரத்தை உருட்டக் கற்றுக்கொண்ட நாள்தொட்டு, அதை இன்னும் சற்று விரைவாக உருட்டிப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை மனிதனை விட்டதில்லை. அவ்வாசை அமெரிக்க நாட்டின் இளைஞர் கூட்டத்தை ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் ஆட்டிப் படைத்தது. பின்னர் ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிட்டது. அடங்கி அரை நூற்றாண்டு கடந்தும் அதைப் பற்றிய ஏக்கம் மட்டும் அங்கே அடங்கவில்லை. அது எவ்வாறு எழுந்தது, எதனால் வீழ்ந்தது, ஏங்குவோர் எதை நினைவில் வைத்து எதை மறந்தனர் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

'மசில்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தசை என்பது பொருள். 'தசைக் கார்' என்று மொழிபெயர்த்தால் நகைப்புக்கு இடமாகும்; 'புஜபலக் கார்' எனலாம். எனினும் வழக்கில் உள்ள பெயரையே இங்கு ஆள்வோம். எட்டு சிலிண்டர்கள் நான்கு நான்காக இரு சாய்ந்த வரிசைகளில் அமைந்த எஞ்சினுக்கு 'வி-எட்டு' என்று பெயர். பெரிய கார்களுக்கென்று செய்யப்பட்ட அத்தகைய எஞ்சினை, எடை குறைந்த, இரு கதவுகள் கொண்ட, நடுத்தர அளவுக் காரில் பொருத்திவிட்டால் அதுவே மசில் கார். இலக்கணம் அவ்வளவுதான். வளைவுகளில் திறமையாகத் திரும்ப வேண்டும் என்பதோ, சட்டென்று நிற்க வேண்டும் என்பதோ இவ்விலக்கணத்தில் இல்லை. நின்ற நிலையிலிருந்து புறப்பட்டுக் கால் மைல் தொலைவை, அதாவது 402 மீட்டரை, நேர்க்கோட்டில் முதலில் கடப்பவன் யார் என்பதே கேள்வி. 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தோற்றுவித்து, தெருக்களில் நடந்துவந்த இத்தகைய போட்டிகளைத் தனித் திடல்களுக்குக் கொண்டுவர முயன்றார். திடல்கள் நிரம்பின, ஆனால் தெருப் போட்டி ஒழியவில்லை.

இன்று அவ்வண்டிகளைப் போற்றுவோர் திரும்பத் திரும்பச் சொல்பவை சில உண்டு. அவற்றைப்போல் விரைந்தோடியவை வேறில்லை என்பார்கள். ஆலைத் தொழிலாளியின் மகனும் அதை வாங்க முடிந்தது என்பார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடி வந்து அவற்றைக் கொன்றுவிட்டது என்பார்கள். ஏக்கத்தில் சொல்லப்படுவதால் மட்டும் ஒரு கூற்று பொய்யாகிவிடாது. ஒவ்வொன்றையும் சான்றுகொண்டு உரசிப் பார்ப்பதே மாணவர்க்கு அழகு.

ஒரு விதியும் ஒரு தந்திரமும்

1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் பிரிவுகள் எவையும் பந்தயங்களில் ஈடுபடலாகாது என்று ஆணையிட்டது. பந்தய வெற்றியைக் காட்டியே இளைஞரிடம் கார் விற்றுவந்த போண்டியாக் பிரிவுக்கு இது பேரிடியாயிற்று. அப்பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியன். (பின்னாளில் தம் பெயரிலேயே கார்த் தொழிற்சாலை தொடங்கி, 1982இல் நொடித்துப் போனவரும் இவரே.) அவரும் உடன் பணியாற்றிய பொறியாளர்களும் 'டெம்பெஸ்ட்' என்னும் நடுத்தரக் காரில், பெரிய போண்டியாக்கின் 389 கன அங்குல எஞ்சினை வைத்துப் பார்த்தனர். இது ஏறத்தாழ 6.4 லிட்டர் கொள்ளளவு உடையது. இரண்டும் பொருந்தின. ஆனால் நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்பது நிறுவனத்தின் விதி.

இங்கேதான் தந்திரம் நுழைகிறது. விதி கார்களைப் பற்றியே பேசிற்று. வாங்குவோர் விரும்பிக் கேட்டால் கூடுதல் விலைக்குத் தரப்படும் விருப்பப் பொருள்களைப் பற்றிப் பேசவில்லை. எனவே புதிய எஞ்சின் ஒரு தனிக் காராக அறிவிக்கப்படாமல், வானொலிப் பெட்டியைப்போல் ஒரு விருப்பப் பொருளாகவே விலைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. கூடுதல் விலை முந்நூறு டாலருக்குச் சற்றுக் குறைவு. பெயர் ஜி.டி.ஓ.; அதுவும் இத்தாலிய ஃபெராரி நிறுவனத்தின் பந்தயக் காரிடமிருந்து கூசாமல் எடுத்துக்கொண்டது. தலைமை அலுவலகம் விழித்துப் பார்ப்பதற்குள் விற்பனையாளர்களிடம் கேட்புகள் குவிந்துவிட்டன. ஐயாயிரம் விற்றால் போதும் என்று எண்ணியிருந்தனர்; 1964இல் 32,450 விற்றன. 1966இல் அது 96 ஆயிரத்தைத் தாண்டிற்று.

இதைக் கண்ட பிற நிறுவனங்கள் சும்மா இருக்குமா? கிரைஸ்லர் தன் பந்தய எஞ்சினாகிய 'ஹெமி'யைச் சற்றுப் பழக்கி 1966இல் சாலைக்குக் கொண்டுவந்தது. 1968இல் அதன் பிளிமத் பிரிவு, அலங்காரங்கள் அனைத்தையும் களைந்து, எஞ்சினை மட்டும் பெரிதாக வைத்து, 2,900 டாலருக்குச் சற்றுக் குறைந்த விலையில் 'ரோடு ரன்னர்' என்னும் காரை விற்றது. வார்னர் பிரதர்ஸ் கேலிச்சித்திரப் படத்தில் ஓடும் பறவையின் பெயர் அது. பெயருக்காக 50 ஆயிரம் டாலர் கொடுத்தார்கள். அப்பறவையைப் போலவே 'பீப் பீப்' என்று கத்தும் ஹாரனும் உண்டு. ஆகவே தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் வாங்கலாம் என்ற கூற்று பெரும்பாலும் மெய்யே. போருக்குப்பின் பிறந்த பெருந்தலைமுறை அப்போதுதான் ஓட்டுநர் உரிமம் பெறும் வயதை எட்டியிருந்தது. வேலை கிடைத்தது. 1970இல்கூட ஒரு காலன், அதாவது 3.8 லிட்டர் பெட்ரோல், 36 செண்டு அளவில்தான் விற்றது. கரும்பு தின்னக் கூலியும் கிடைத்த காலம் அது.

ஆனால் முதற்கூற்று அப்படியன்று. அவ்வண்டிகளின் புகழ்பெற்ற கணக்குகளில் கலப்படம் உண்டு. 1964இல் 'கார் அண்டு டிரைவர்' இதழ் ஜி.டி.ஓ.வைச் சோதித்து, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் விரைவை 4.6 வினாடியில் எட்டியதாக எழுதிற்று. நாடே வியந்தது. சோதனைக்கு அனுப்பிய காரில் இருந்தது 389 அன்று, அதைவிடப் பெரிய 421 கன அங்குல எஞ்சின் என்பதைப் போண்டியாக்கின் விளம்பரப் பொறுப்பில் இருந்த ஜிம் வாங்கர்ஸே பல ஆண்டுகள் கழித்து வெளியிட்டார். கடையில் வாங்கிய ஜி.டி.ஓ.வுக்கு ஆறரை வினாடிக்கு மேல் ஆகும். இன்று குழந்தைகளைப் பள்ளியில் விட்டுவரும் மின்சாரக் கார்கள் பல அதை எளிதில் பின்தள்ளிவிடும். ஆகவே மக்கள் ஏங்குவது விரைவுக்காக அன்று. விரைவை உடலால் உணர்ந்த அனுபவத்துக்காகவே என்று எனக்குத் தோன்றுகிறது. எஞ்சினின் உறுமல், நடுங்கும் திருப்புசக்கரம், எரியும் டயரின் வாடை ஆகிய இவை இன்றைய கார்களில் அடக்கப்பட்டுவிட்டன. அன்றைய காரின் மூடியைத் திறந்தால் கார்புரேட்டரை ஒரு திருப்புளியால் சரிசெய்யலாம். இன்று திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரியும்.

எஞ்சினுக்குள் நடப்பது

அந்த உறுமலுக்குப் பின்னால் ஒரு வேதியியல் செய்தி ஒளிந்துள்ளது. ஏங்குவோர் அதைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலெழுந்து அமுக்குகிறது. பின் தீப்பொறி அதை எரிக்கிறது. பதினொரு பங்கு இடத்தில் இருந்த கலவையை ஒரு பங்கு இடத்தில் அடக்கினால் அமுக்க விகிதம் 11 என்கிறோம். இவ்விகிதம் கூடக்கூட, அதே அளவு பெட்ரோலிலிருந்து மிகுந்த வேலையைப் பெறலாம் என்பது வெப்ப இயக்கவியலில் நாம் படித்ததே. ஆனால் எல்லை மீறி அமுக்கினால், தீப்பொறியிலிருந்து கிளம்பிய சுடர் பரவி வருமுன்பே மூலையில் உள்ள கலவை தானாகவே வெடித்துவிடும். சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை கேட்கும்; பிஸ்டன் பழுதாகும்.

இதற்கு மருந்து கண்டவர் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி. 1921இல் டெட்ரா எத்தில் ஈயம் என்னும் பொருளைப் பெட்ரோலில் சிறிதளவு சேர்த்தபோது தட்டல் நின்றது. 1923இல் அது விற்பனைக்கு வந்தது. 'எத்தில்' என்றே பெயரிட்டனர். ஈயம் என்ற சொல்லைப் பெயரிலிருந்து கவனமாக விலக்கிவிட்டனர். 1970இன் செவர்லே செவெல் காரில் வந்த 454 கன அங்குல எஞ்சினின் அமுக்க விகிதம் 11.25; அறிவிக்கப்பட்ட ஆற்றல் 450 குதிரைத்திறன். ஈயம் கலந்த உயர்தரப் பெட்ரோல் இல்லையேல் அந்த எஞ்சின் இல்லை. எரிந்த ஈயம் எங்கே போயிற்று? புகையாக வெளிவந்து தெருவில் படிந்தது. தெருவில் விளையாடிய குழந்தைகளின் இரத்தத்தில் கலந்தது. மனித உடலில் உள்ள ஈயம் இயற்கை அளவைவிடப் பன்மடங்கு மிகுந்துவிட்டது என்று 1965இலேயே கிளேர் பேட்டர்சன் என்னும் புவி வேதியியல் அறிஞர் எச்சரித்தார். பின்னர் பெட்ரோலில் ஈயம் குறைக்கப்பட்டபோது, 1976க்கும் 1980க்கும் இடையில் மட்டுமே அமெரிக்க மக்களின் சராசரி இரத்த ஈயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

எஞ்சினுக்குக் காட்டிய அக்கறையைப் பிரேக்குக்குக் காட்டவில்லை. யானையை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கியது போல, 1964இன் ஜி.டி.ஓ.வில் நான்கு சக்கரங்களுக்கும் ஒன்பதரை அங்குல டிரம் பிரேக்குகளே இருந்தன. விரைவு இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அந்த ஆற்றல் முழுவதையும் வெப்பமாக மாற்றி வெளியேற்ற வேண்டியவை அந்தச் சிறு பிரேக்குகள். ஒருமுறை நிறுத்தினால் சூடாகும். மறுமுறை மிதித்தால் பிடிப்புத் தளரும். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் 1967இல்தான் வந்தது. அதுவும் கூடுதல் விலை கொடுத்தால்தான்.

அமெரிக்கச் சாலைகளில் 1966இல் மாண்டோர் 50 ஆயிரத்துக்கு மேல். 1972இல் 54 ஆயிரத்துக்கு மேல். இவர்கள் அனைவரையும் மசில் கார் கொன்றது என்பது நேர்மையாகாது. பெரும்பாலோர் சாதாரணக் கார்களில் சென்றவர்களே. இடுப்புப் பட்டை அணியாமை, குடித்துவிட்டு ஓட்டுதல், மோதினால் மார்பைக் குத்தும் திருப்புத்தண்டு எனக் காரணங்கள் பல. ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய நூல் கார் நிறுவனங்களின் அலட்சியத்தை மக்கள்முன் வைத்தது; மறு ஆண்டே வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. எனினும் கால் மைல் வெற்றியை இளமையின் இலக்கணமாக்கி விளம்பரம் செய்தவர்களுக்கு அந்தக் கணக்கில் பங்கே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

கொன்றது யார்?

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் நின்றன. 1974 சனவரியில் நாடெங்கும் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பு சட்டமாயிற்று. மசில் கார் அத்துடன் ஒழிந்தது என்பதே பலரும் சொல்லும் கதை. கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது: வெளியிலிருந்து பகைவன் வந்தான், வீரன் வீழ்ந்தான்.

விற்பனைக் கணக்கு வேறு கதை சொல்கிறது. 1966இல் 96 ஆயிரத்துக்கு மேல் விற்ற ஜி.டி.ஓ., 1970இல் 40 ஆயிரமாயிற்று. 1971இல் பத்தாயிரத்து ஐந்நூறு. 1972இல் ஐயாயிரத்து எண்ணூறு. எண்ணெய்த் தடை அறிவிக்கப்படுமுன்பே நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு போய்விட்டது! ஹெமி எஞ்சினும் 1971ஆம் ஆண்டுக் கார்களோடு சாலையைவிட்டு நீங்கிற்று. தடை வந்து கண்டது நோயாளியை அன்று, பிணத்தை.

முதற்காரணம் காப்பீட்டுக் கட்டணம். காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஏக்கமும் இல்லை, கோபமும் இல்லை. கணக்கு மட்டுமே உண்டு. இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர் உயர் குதிரைத்திறன் காரை ஓட்டினால் என்ன நேர்கிறது என்பதை இழப்பீட்டுப் பதிவேடுகள் அவற்றுக்குக் காட்டின. கட்டணம் ஏறி ஏறி, காரின் மாதத் தவணையோடு போட்டியிடலாயிற்று. மலிவான கார் மலிவாக இல்லாமற்போனது இப்படித்தான். அடுத்தது காற்றுத் தூய்மைச் சட்டம். 1970 டிசம்பர் 31ஆம் நாள் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட அச்சட்டம், புகையில் உள்ள நச்சுப் பொருள்களைச் சில ஆண்டுகளில் பத்தில் ஒன்பது பங்கு குறைக்க வேண்டும் என்றது. அதற்கு வினையூக்கி மாற்றி தேவை. ஈயம் பட்டால் வினையூக்கி செயலிழந்துவிடும். எனவே ஈயம் போக வேண்டும். ஈயம் போனால் அமுக்க விகிதம் இறங்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1971ஆம் ஆண்டுக் கார்களிலேயே அதை இறக்கிவிட்டது.

1972இல் இன்னொன்றும் நிகழ்ந்தது. அதுவரை எஞ்சினைத் தனியே கழற்றி வைத்து, விசிறி, காற்று வடிகட்டி, புகைக்குழாய் எதுவுமின்றி அளந்த ஆற்றலையே விளம்பரம் செய்தனர். இப்போது காரில் இருக்கும் நிலையிலேயே அளக்கத் தொடங்கினர். செவெல் காரின் 454 கன அங்குல எஞ்சின் 1971இல் 365 குதிரைத்திறன், 1972இல் 270. எஞ்சின் ஓராண்டில் அவ்வளவு இளைத்துவிடவில்லை. பெரும்பகுதி அளவுகோல் திருந்தியதன் விளைவே. ஆனால் பட்டியலைப் படித்த இளைஞனின் மனம் உடைந்தது.

1974இல் சாலைச் சாவுகள் 45 ஆயிரம் அளவுக்குக் குறைந்தன; முந்திய ஆண்டு அது 54 ஆயிரம். வேக வரம்பும் பயணக் குறைவும் சேர்ந்து தந்த பயன் இது. ஏக்கத்தோடு எழுதப்படும் எந்தக் கட்டுரையிலும் இந்த எண்ணை நான் கண்டதில்லை.

இன்னொரு விரைவு

சாலையில் ஓடிய விரைவைப் பற்றி இவ்வளவு பேசினோம். அதே காலத்தில், அதே கார்களுக்காக, கூரைக்குக் கீழே ஓடிய இன்னொரு விரைவு உண்டு.

டெட்ராயிட் நகரத்தின் நடுவே சூழப்பட்ட சிற்றூர் ஹாம்ட்ராம்க். அங்கே 'டாட்ஜ் மெயின்' என்னும் பெருந்தொழிற்சாலை கிரைஸ்லருக்கு உரியது. 1968 மே மாதத்தில் அதன் தொழிலாளர், பொருத்து வரிசை ஓடும் வேகம் கூட்டப்பட்டதை எதிர்த்துச் சங்கத்தின் அனுமதியையும் எதிர்பாராமல் வேலையை நிறுத்தினர். வரிசை விரைந்தால் ஒரு திருகை முடுக்கக் கிடைக்கும் நேரம் குறையும், கை சிக்கும், மூச்சு வாங்கும். தண்டனை பெற்றவர்களுள் கறுப்பினத் தொழிலாளரே மிகுதி. வேலையிழந்தவர்களுள் ஒருவர் ஜெனரல் பேக்கர் (ஜெனரல் என்பது அவர் பெயர், படைப் பதவியன்று). அவரும் தோழர்களும் 'டாட்ஜ் புரட்சித் தொழிற்சங்க இயக்கம்' என ஓர் அமைப்பைக் கண்டனர். 1970ஆம் ஆண்டுக்கான டாட்ஜ் சேலஞ்சர், பிளிமத் பாரகுடா ஆகிய புகழ்மிக்க மசில் கார்கள் வெளிவந்தது இதே தொழிற்சாலையிலிருந்துதான். வாங்கியவன் விரைவை விரும்பி வாங்கினான். செய்தவன்மீது அது சுமத்தப்பட்டது.

தொழிலாளியும் வாங்கத்தக்க விலை என்று முன்னர்க் கண்டோமல்லவா? அவ்விலைக்கு இந்த வரிசையும் ஒரு காரணம். இதனால் அத்தொழிலாளர் தம் வேலையை வெறுத்தனர் என்று முடிவு கட்டுவதும் தவறு. அந்தக் கூலியில்தான் வீடு கட்டினர், பிள்ளைகளைப் படிக்கவைத்தனர், சிலர் தாம் செய்த காரையே வாங்கினர். டாட்ஜ் மெயின் 1980இல் மூடப்பட்டபோது அழுதவர்களும் அவர்களே. 1950இல் பதினெட்டரை இலட்சம் மக்கள் வாழ்ந்த டெட்ராயிட்டில் 2020இல் எஞ்சியவர் ஆறு இலட்சத்து முப்பத்தொன்பதாயிரம் பேர். காருக்காக ஏங்குகிறோம் என்று சொல்பவர்களுள் பலர் உண்மையில் ஏங்குவது அந்த வேலைக்காகவும் அந்த ஊருக்காகவும்தான் என்று கருதுகிறேன். அந்த ஏக்கத்தை ஏளனம் செய்ய மனம் வரவில்லை.

டெட்ராயிட்டின் வட எல்லையை அடுத்த ஃபெர்ண்டேலிலிருந்து போண்டியாக் நகர் வரை உட்வர்டு சாலையில் 1995 முதல் ஆகஸ்டு மாதத்தில் பழங்கார்களின் ஊர்வலம் நடக்கிறது. ஒரு காலத்தில் இரவுப் போட்டிகளுக்குப் பேர்போன சாலை அது. இப்போது கூட்ட நெரிசலில் கார்கள் நடைவேகத்தில் ஊர்கின்றன. ஓட்டுபவர்கள் தலை நரைத்தவர்கள். இளைஞர் வாங்க இயலாத விலைக்கு அவை ஏறிவிட்டன. 1971ஆம் ஆண்டின் ஹெமி பாரகுடா திறந்த கார் ஒன்று 2014இல் 35 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. 'புல்லிட்' திரைப்படத்தில் ஸ்டீவ் மக்வீன் சான் பிரான்சிஸ்கோ மேடுபள்ளங்களில் ஓட்டிய மஸ்டாங் 2020இல் அதையும் விஞ்சிற்று.

டாட்ஜ் நிறுவனம் தன் கடைசி ஹெமி சேலஞ்சரை 2023இல் செய்து முடித்தது. அடுத்து 2024இல் வந்த சார்ஜர் மின்சாரக் கார். எஞ்சின் இல்லாத அதற்கு, பழைய வி-எட்டைப்போல் உறுமும் செயற்கை ஒலிக்கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். டாட்ஜ் மெயின் இருந்த இடத்தில், சுற்றியிருந்த வீடுகளையும் இடித்து, ஜெனரல் மோட்டார்ஸ் கட்டிய தொழிற்சாலை 1985இல் திறக்கப்பட்டது. 2021இல் அது மின்சார வண்டிகளுக்கென மாற்றப்பட்டது. அவ்வாறு மாறியபின் அங்கிருந்து முதலில் வெளிவந்தது 'ஹம்மர்' வண்டி. எடை நான்கு டன்னுக்கு மேல். அறிவிக்கப்பட்ட ஆற்றல் ஆயிரம் குதிரைத்திறன். மணிக்கு 60 மைல் விரைவை எட்ட மூன்று வினாடி.